கால் உள்ளவை அவளுக்கு, கால் இல்லாதவை இவளுக்கு

எங்கள் ஷெட்டில் பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது. பூச்சி என்று சொல்லலாம். நீளமானது என்று சொல்லலாம். படம் எடுக்கிற வகையாக இருந்தால் 'நல்லது' என்று மரியாதையாகச் சொல்லலாம். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும், கூப்பிட்டால் வந்துவிடும் என்பது சட்டம்.

துடியலூருக்குப் பக்கத்தில், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற சின்ன ஷெட் அது. தகரக் கூரை, நான்கு மேசை, நான்கு பெண்கள். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, இரும்புக் கூட்டின் பள்ளங்களுக்குள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் படுக்க வைக்க வேண்டும். ஒரு சுற்றுக் குறைந்தாலும் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடும். எண்ணுகிற வேலையில் வாய் மூடித்தானே இருக்கும் என்று நினைப்பீர்கள். எங்களுக்குக் கை எண்ணும், வாய் அதுபாட்டுக்குப் பேசும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மற்றதெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்திலும், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்களிடமும் படித்தது. யார் ஒரு பழமொழி சொன்னாலும் எனக்குச் சில்லறை கிடைத்த மாதிரி இருக்கும். எடுத்து முடிந்து வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட என் வீட்டுக்குள் ஒரு நாள் என் மகள் ஒரு பெரிய கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

மாணவர்களுக்கான அறிவியல் போட்டி. அதில் ஒரு பிரிவு ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும். படத்தைப் பார்த்தோ, சத்தத்தைக் கேட்டோ, கண்ணாடிச் சாடியில் வைத்திருக்கும் உடலைப் பார்த்தோ இது இன்னது என்று சொல்ல வேண்டும். கையால் எழுதிய குறிப்புகளை ஒரே ஒரு கோப்பில் வைத்து எடுத்துப் போகலாம். முக்கியமான விதி ஒன்று இருந்தது. அணிக்கு இரண்டு பேர். ஒருத்தியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது ஆள் எங்கள் முதலாளியின் மகள். முதலாளி என்றதும் பெரிய மில் முதலாளியை நினைக்க வேண்டாம். அன்னூர்ப் பக்கம் தோட்டம், இங்கே இந்த ஷெட், ஒரு பழைய கார், அவ்வளவுதான். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. என் அப்பா அம்மா அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கோப்பைப் பங்கு போட்டிருக்க முடியுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அட்டையட்டையாகப் படம் ஒட்டிக் கொடுத்தாள். முன்னால் படம், பின்னால் விவரம். நான் சமைத்துக்கொண்டே காட்ட வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகு நான் என் பங்குக்கு ஒரு பழமொழியை எடுத்து விடுவேன்.

அரணைப் படத்தைக் காட்டினேன். அவள் ஏதோ வாயில் நுழையாத பெயரைச் சொன்னாள்.

"அரணை நக்கினா மரணம்" என்றேன்.

"அதுக்கு வெசமே இல்லீங்கம்மா. பாவம், அது நம்மளப் பாத்து ஓடுது."

"அப்ப எதுக்குடி அப்படிச் சொன்னாங்க?"

"பக்கத்துல போய்ப் பாக்காதவங்க சொல்லியிருப்பாங்க."

என் முடிச்சிலிருந்து ஒரு காசு செல்லாக்காசாகிப் போனது. சரி, போகட்டும். அடுத்தது மலைப்பாம்பு. "பாம்பின் கால் பாம்பறியும்" என்று சொல்லிவிட்டு, இதுவும் போகப் போகிறது என்று காத்திருந்தேன். அவள் அட்டையைத் திருப்பினாள்.

"இதுக்கு நெசமாவே கால் இருக்குதுங்கம்மா. வாலுக்குக் கிட்ட ரண்டு பக்கமும் சின்னதா நகம் மாதிரி. எப்பவோ இருந்த காலோட மிச்சம்."

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எத்தனை தடவை அந்தப் பழமொழியைச் சொல்லியிருப்பேன்! மாமியார் மருமகள் சண்டைக்கும், கட்சிக்காரர்கள் பேச்சுக்கும் அதை உவமையாக எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாளாவது குனிந்து, கால் எங்கே என்று தேடியிருப்பேனா? முதன்முதலில் அதைச் சொன்ன ஆள் பார்த்துச் சொன்னாரோ, பார்க்காமல் சொன்னாரோ, அது எனக்குத் தெரியாது. எலும்புக்குள்ளே ஒரு கால், தான் இருந்த கதையை மறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் இல்லை. கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்தில் ஒரு கூச்சம் வருமே, அதுதான்.

தவளைதான் என்னை முழுக்க விழுங்கியது. முதல் மழை பெய்த மாலையில், எங்கள் வீதி முக்கில் இருக்கிற காலி மனையில் தண்ணீர் நின்றது. வழக்கமான தவளைச் சத்தம். முதலாளி மகளும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"நாலு" என்றாள் முதலாளி மகள்.

"மூணுதாண்டி."

"அந்தச் சீப்பைத் தேய்க்கற மாதிரி ஒண்ணு கேக்குது பாரு. அதச் சேத்தா நாலு."

நானும் கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தவளைச் சத்தம் என்று நாற்பது வருடமாக ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன் அல்லவா, அவிழ நேரமாயிற்று. பிறகு அவிழ்ந்தது. நீளமாக, மூச்சு விடாமல் இழுப்பது தேரை. கட்டையில் தட்டுகிற மாதிரி மேலே முருங்கை மரத்திலிருந்து வருவது மரத்தவளை. அடித்தொண்டையில் உறுமுவது பெருந்தவளை. சீப்பின் பல்லை நகத்தால் உரசுகிற மாதிரி ஒன்று, ஊர் முழுக்கக் கேட்கிறது, அது எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு முதலாளி மகள் தன் கட்டை விரல் நகத்தைக் காட்டினாள்.

"இத்தனூண்டா? இத்தனை சத்தமும் இதுவா?"

"ஆமாங்க அத்தை. சத்தத்த வெச்சுத்தான் அத எடம் கண்டுபுடிக்கவே முடியும்."

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி வைத்தவர் கெட்டதைத்தான் சொன்னார். இந்தப் பெண்கள் அதே வாயால் அதைக் கண்டுகொண்டார்கள். இருட்டும் வரை மூன்று பேரும் அசையவில்லை. அன்றிலிருந்து எனக்கு மழை பெய்தால் நிம்மதியாக ஒரு வேலை ஓடாது, எண்ணிக்கொண்டே இருப்பேன்.

அட்டைகளை ஷெட்டுக்கும் எடுத்துப் போனேன். டீ நேரத்தில் நானும் மனப்பாடம் செய்தால்தானே வீட்டில் கேள்வி கேட்க முடியும்? எதிர் மேசை அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனம்மணி, அந்தப் படத்தக் கவுத்து வையி. காயில் சுத்தற எடத்துல நீளமானதையெல்லாம் கொண்டாந்து பரப்பிட்டு."

"படந்தானுங்க்கா. இது கட்டுவிரியன், இது..."

"பேரச் சொல்லாதங்கறேன்! வந்துதுன்னா நீதான் எந்திரிச்சுப் போய் வாங்கன்னு சொல்லோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவி வரும்போது, காகிதச் சுருள் அடுக்கி வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் அது படுத்திருந்தது.

எதிர் மேசை அக்காதான் முதலில் பார்த்தார். அலறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்துருச்சு. போய் வாங்கன்னு சொல்லு" என்றார்.

ஒன்றரை அடி இருக்கும், விரல் கனம். பழுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. முதலாளி இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார்.

"கட்டுவிரியன்! பட்டையப் பாரு, அக்கட்டால போங்க எல்லாரும்!"

"அண்ணா, அடிக்காதீங்க. பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கோணுங்க" என்றேன்.

"பட்டை ஆரம்பிக்கற எடம் பாக்கற நேரமா அம்மணி இது?"

நேரம்தான். அந்த அட்டையை நான் எத்தனை முறை காட்டியிருக்கிறேன். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் பட்டை இருக்காது, இருந்தாலும் மங்கல். வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். அதே மாதிரி வேடம் போட்ட இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கழுத்திலேயே பளிச்சென்று தொடங்கி, வாலுக்குப் போகப் போக அழிந்துவிடும். முதலாவது ஆளைக் கொல்லும். இரண்டாவதற்கு விஷமே கிடையாது. ஆனாலும் எனக்கு இருந்தது அட்டை அறிவு. அடுத்தவர் உயிரை நம்பி வைக்கிற அறிவு இல்லை. கோப்பின் முதல் பக்கத்தில் டீச்சர் எழுதச் சொல்லியிருந்த, பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிறவரின் எண் என் போனிலும் இருந்தது. கூப்பிட்டேன்.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார் அவர். "ஒருத்தர் மட்டும் தூரத்துல நின்னு, கண்ணெடுக்காம பாத்துட்டே இருங்க. எங்கியாவது பூந்துக்கிச்சுன்னா தேட முடியாது. இதா வாரேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிட்டவள் நான்தானே.

அவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தைப் போல என் வாழ்க்கையில் நான் எதையும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. முதலில் இதயம் காதில் அடித்தது. பிறகு, பார்க்கச் சொன்ன கண் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கழுத்து. பட்டை கழுத்திலேயே இருந்தது. எண்ணினேன், கை பழக்கம். பதினான்கு வரை தெளிவு, அதற்குப் பிறகு எண்ண முடியாமல் கரைந்து போயிற்று.

பட்டைக்கு நடுவில் செதில். நான் பத்தொன்பது வருடமாகக் கம்பி சுற்றுகிறவள். ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், நடுவில் இடைவெளி விடாமல் படுக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நேராக இருக்கிற பள்ளத்திலேயே கை நடுங்கும். இங்கே மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும், வளைகிற உடம்பில், மூச்சு வாங்கும்போது விரிகிற உடம்பில், ஒரு வரிசை தவறவில்லை. யார் எண்ணிச் சுற்றியது? கண்ணுக்கு இமை இல்லை. அந்தக் கண்ணின் மேலும் ஒரு கண்ணாடிச் செதில், சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அப்போது தலையை ஆட்டிவிட்டு ரசத்தை இறக்கி வைத்தவள் நான்.

ஒரு தடவை அது நகர்ந்தது. அந்தத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தலையை வைத்தது. பள்ளத்துக்குள் கம்பி இறங்குவது போலப் போயிற்று, தள்ளுகிற கைதான் இல்லை. பாதி போய், என்ன நினைத்ததோ, திரும்பி வந்து முன்போலவே சுருண்டு படுத்துக்கொண்டது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு எதிர் மேசை அக்கா சொல்லித்தான் தெரியும். "பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வந்தவர் ஒரு கொக்கியும், வாயில் துணிப்பை கட்டிய குழாயும் வைத்திருந்தார். ஒரு பார்வைதான். "வெள்ளிக்கோல் வரையனுங்க. வெசமில்லாதது. பல்லி புடிக்க வந்திருக்கும்." அந்தக் காலத்துத் தராசுக் கோலில் கோடு போட்டிருக்குமாம், அதனால் அந்தப் பெயராம். குழாய்க்குள் அது தானாகவே போயிற்று. முதலாளி கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பட்டை கழுத்துலயே ஆரம்பிக்குதா... அடேங்கப்பா" என்றார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி வீட்டம்மாவுக்குச் செய்தி போயிற்று.

மறுநாள் அவர் ஷெட்டுக்கே வந்தார். தங்கமான மனுஷி. தீபாவளிக்குச் சேலை கொடுக்கும்போதுகூட, "புடிச்சிருக்குதுங்களா, இல்லைன்னா மாத்திக்கலாங்க" என்று கேட்கிறவர். அன்றைக்குக் கண் சிவந்திருந்தது.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. எங்க புள்ளைக்கு ஜாதகத்துலயே நாகதோசம். ராகு கேது எடம் சரியில்ல. ஒண்ணுக்கு ரண்டு கோயல்ல பரிகாரம் பண்ணிப்போட்டு வந்திருக்கறோம். இவ அதையே படமா வரைஞ்சுட்டு, பேரச் சொல்லிச் சொல்லிப் படிச்சுட்டு இருந்தா? இப்பப் பாருங்க, ஷெட்டுக்கே வந்துருச்சு. நாளைக்கு ஊட்டுக்கு வரும். அவ பேர எடுத்துரச் சொல்லிட்டேனுங்க."

"அது பல்லி புடிக்க வந்துச்சுங்க்கா."

"பல்லி எல்லா ஊட்டுலயும் இருக்குது. அது ஏன் நம்ம ஷெட்டுக்கு வரோணும்?"

முதலாளி, "படிப்புத்தான, படிக்கட்டும்" என்று ஆரம்பித்தார். "நீங்க சித்த சும்மா இருங்க" என்றதும் சும்மா இருந்தார்.

போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. புது ஆளைச் சேர்த்துப் படிக்க வைக்க முடியாது. என் மகள் வீட்டில் அழவில்லை. கோப்பை எடுத்துப் பரணில் வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். "நாலு மாசமுங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பேசாத பிள்ளையிடம் பேசத் தெரிந்தவள் என்ன செய்வது? இரவெல்லாம் யோசித்து, காலையில் நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன்.

என் அப்பாவுக்கு நிலம் என்று ஒரு சாண் கிடையாது. ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதெல்லாம் அளக்கிற கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். கிணறு யாருக்கு, வாய்க்கால் யாருக்கு, தென்னை யாருக்கு. நிலம் இல்லாத எங்களுக்குப் பிரிக்கிற விவரம் மட்டும் தெரியும்.

"அக்கா, பாகம் பிரிச்சுப்போடலாமுங்க" என்றேன்.

"என்னத்தங்க?"

"படிப்பத்தான். கால் இருக்கறதெல்லாம் உங்க பாப்பாவுக்கு. தவளை, தேரை, பல்லி, ஓணான், ஆமை, முதலை. கால் இல்லாததெல்லாம் எங்க புள்ளைக்கு. அந்தக் கோப்புல பாதி எங்கூட்டுல இருக்கட்டும். உங்க பாப்பா அதத் தொட வேண்டாம், பாக்க வேண்டாம், பேரும் சொல்ல வேண்டாம்."

அவர் மகளைக் கூப்பிட்டார். "கால் இல்லாதது எது வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கோணும். சத்தியம் பண்ணு." மகள் அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என் பக்கம் திரும்பும்போது ஏதோ சொல்ல வந்தவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மகளிடம் சொன்னேன். பரணிலிருந்து கோப்பு இறங்கியது. பிரிக்க உட்கார்ந்தவள் ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப சிசிலியன் யாருதுங்கம்மா?" என்று கேட்டாள்.

"கால் இருக்குதா?"

"இல்லீங்க. ஆனா..."

"அப்ப உன்றது."

"அது தவளைச் சாதிங்கம்மா. மண்ணுக்குள்ள இருக்கும்."

"கால் இல்லீன்னா உன்றதுதான். நல்லா இருக்கற பாகத்த மறுக்கா கலைக்காத சாமி."

அவள் அந்தப் பக்கத்தைத் தவளைக் கட்டிலேயே சொருகி அனுப்பிவிட்டாள். எனக்கு அது தெரியாது.

போட்டி நகரத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது. விலங்கியல் துறையில் பழைய சாடிகளை வரிசையாக மேசை மேல் வைத்திருந்தார்கள். ஒரு மேசைக்கு ஒரு சாடி, மணி அடித்தால் அடுத்த மேசை. பெற்றோர் வெளியே. ஜன்னல் கம்பி வழியாக நானும் முதலாளி வீட்டம்மாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பிள்ளைகள் நடந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒரு மேசையில் இரண்டு பேரும் குனிவார்கள். அடுத்த மேசையில் முதலாளி மகள் முதுகைக் காட்டிக்கொண்டு மேல் விட்டத்தைப் பார்ப்பாள், என் மகள் மட்டும் எழுதுவாள்.

"சொன்னாச் சொன்னபடி இருக்கறா பாருங்க" என்று முதலாளி வீட்டம்மா கண்ணைத் துடைத்தார்.

பிறகு ஒரு மேசை. உள்ளே மங்கலான சாம்பல் நிறத்தில், புழுவும் இல்லாமல் பாம்பும் இல்லாமல் ஒன்று சுருண்டிருந்தது. முதலாளி மகள் முதுகைக் காட்டினாள். என் மகள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். பேனா ஓடவில்லை. முதுகைக் காட்டியவளின் உதடு அசைவதும், குனிந்தவள் பதில் சொல்வதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பதைத் திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

"மண்ணுக்குள்ள இருக்கற கேடய வால் பாம்பா, சிசிலியனாடி? ஸ்பிரிட்ல ஊறி ஒண்ணும் தெரியல."

"செதிலா, வளையமா?"

"வளையம் மாதிரி இருக்குது."

"சுத்தியும் முழுசா வருதா?"

"வருது."

"வால் எங்க ஆரம்பிக்குது?"

"வாலே இல்லடி. சட்டுனு முடிஞ்சு போகுது."

"கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல சின்னதா ஒரு புள்ளி?"

"இரு... இரு... ஆமாடி! இருக்குது!"

"அப்ப அது நீர்நில வாழ்வன. என்ற பங்கு" என்று சொல்லிவிட்டு முதலாளி மகள் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே அம்மா நிற்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பினாள். கண்ணாடியில் மூக்குப் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, பாத்துப்போட்டா!" முதலாளி வீட்டம்மா என் கையைப் பிடித்தார். "கால் இல்லையே அம்மணி அதுக்கு!"

எனக்கு அப்போதுதான் அன்றைக்கு அவள் உதட்டைக் கடித்தது ஞாபகம் வந்தது. நான் காலை வைத்து எல்லை போட்டிருந்தேன். அந்தப் பிராணிகளுக்குள் எல்லை வேறு எங்கேயோ ஓடுகிறது. கயிறு பிடிக்கத் தெரிந்தவளுக்கு எல்லைக்கல் நடத் தெரியவில்லை.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முதலிடம் கிடைக்கவில்லை, ஆனால் அடுத்த சுற்றுக்குத் தேர்வான அணிகளில் அவர்களும் இருந்தார்கள். அதற்கும் இரண்டு பேர் வேண்டும். என் மகள் குதிக்கவில்லை. முதலாளி வீட்டம்மா முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நானும் பார்த்தேன்.

பெற்றோர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றதும் அவர் நேராக அந்தச் சாடிக்கு நடந்தார்.

"இதுதான?"

"ஆமாங்கம்மா" என்றாள் அவர் மகள். குரல் சின்னதாக இருந்தது. "பாக்கறதுக்கு அப்படி இருக்குதுங்க. ஆனா தவளைக்குப் பங்காளி. மண்ணுக்குள்ளயே இருக்கும். முட்டை போட்டுட்டு, அத நடுவுல வெச்சு அம்மா சுத்திப் படுத்துக்கும். காவலுக்கு."

"இதுவா?"

"ஆமாங்க."

"கண்ணு தெரியுமா இதுக்கு?"

"சரியாத் தெரியாதுங்கம்மா. வெளிச்சம் இருட்டு தெரியும்."

அவர் நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற இன்னொரு குடும்பம் சுற்றிக்கொண்டு போயிற்று. "கண்ணும் தெரியாம, மண்ணுக்குள்ள, அத்தனையும் சுத்திப் புடிச்சுட்டு..." என்று தனக்குத்தானே சொன்னார். அன்றைக்கு அலமாரி முன்னால் நின்ற என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பாகத்துல தப்பு இருக்குதுங்க அம்மணி."

"இருக்குதுங்க்கா."

"இது எங்களுது."

"உங்களுதுதானுங்க."

"அடுத்த போட்டிக்கு இத எங்க பங்குல சேத்து எழுதிப்போடுங்க" என்றார். என் மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என் மகளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏங்கண்ணு, அன்னைக்கு ஷெட்டுக்கு வந்துச்சே, அது இங்க இருக்குதா?"

"மூணாவது மேசைங்க அத்தை."

மூன்றாவது மேசைக்குப் போனோம். மகளைத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் அவள் கண்ணை நன்றாகப் பொத்திக்கொண்டு, அவர் குனிந்து பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார்.

பொத்திய கைக்கு அடியிலிருந்து மகள் கேட்டாள். "பட்டை கழுத்துலயே ஆரம்பிக்குதுங்களா அம்மா?"

அவர் விரலைக் கண்ணாடியில் படாமல் வைத்து, மெல்ல நகர்த்தினார். "ஆமா, இரு... எண்ணிட்டு இருக்கறேன்."